தோட்டப்புறத் தமிழில் ‘நான்’
சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் வினைமுற்று தன் எழுவாயைத் தன்னுள்ளே கொண்டு நிற்பது. ‘வந்தேன்’ என்ற அளவிலே வந்தவர் யார் என்பது விளங்கிவிடுகின்றது. ‘ஏன்’ என்னும் விகுதியே பேசுபவரைக் காட்டுகின்றது. ஆதலின் ‘நான் வந்தேன்’ என்பதிலுள்ள ‘நான்’ இலக்கணத்தால் வேண்டப்படுவதன்று. அழுத்தம் கருதியோ, ‘அவன் வரவில்லை, நான் வந்தேன்’ என்றாற்போல வேறுபாடு கருதியோ வருவது. இலங்கையினின்று மீண்ட அனுமன் இராமனிடம் கூறும் முதற் சொல்லைக் கம்பன் தனி வினைமுற்றாகவே அமைத்தான். கண்டவர் யார் என்ற ஐயம் அங்கே எவர்க்கும் எழுவதில்லை. கண்ட செய்தியே முந்துகின்றது.

இத்தகைய வசதி படைத்த மொழியில் எழுதும் மாணவர், வாக்கியந்தோறும் ‘நான்’, ‘எனது’, ‘எனக்கு’ என நிரப்பி விடுகின்றனர் என்பது ஆசிரியர்களின் நெடுநாளைய முறைப்பாடு. முறைப்பாடு நியாயமானதே. ஆயினும் எல்லோருடைய ‘நான்’உம் ஒரே வரலாறு உடையதன்று. மலையகத் தோட்டங்களிலிருந்து, சிறப்பாக இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து வரும் ஒரு மாணவர் தம் மக்களைப் பற்றி எழுதும்போது, அச்சொல் ஒன்றரை நூற்றாண்டுப் பின்னணியோடு தாளில் வந்து விழுகின்றது. சிவப்பு மையால் அதனை அடிப்பதற்கு முன்னர் அப்பின்னணியை அறிதல் தகும்.

சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாத் தோட்டங்களைப் போன்றவையல்ல. அங்கே மலைக்கு மலை தேயிலையும் லயங்களுமாகத் தொடர்ந்து செல்லும் நிலப்பரப்பு. இங்கே சிங்களக் கிராமங்களுக்கும் வயல்களுக்கும் இடையே சிதறிக் கிடக்கும் தோட்டங்கள். தேயிலையும் உண்டு, ஆயினும் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்றை, காவத்தை முதலிய பகுதிகளில் இறப்பரே பெரும் பயிராயிற்று. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் இறப்பர் பெருகியபோது, விடியுமுன் மரங்களிடையே சென்று பால் வெட்டும் தொழிலாளர் கூட்டமும் பெருகிற்று. தோட்டங்கள் சிதறியிருந்தமையால் இம்மக்கள் ஓரிடத்தும் பெரும்பான்மை எய்தவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அவற்றுள் ஒன்றேனும் சப்ரகமுவத்ததன்று. மலையகத்தின் வரலாறு எழுதப்பட்டபோதும் அட்டனும் தலவாக்கலையும் பதுளையுமே முன்னின்றன. மலையகம் என்ற சொல்லுக்குள்ளேயே சப்ரகமுவம் ஓரத்தில் நிற்பது.

தமிழ் இலக்கணம் இடத்தைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூன்றாக வகுத்தது. தோட்டத் தொழிலாளர் எழுத்தினுள் புகுந்த வரலாற்றையும் இம்மூன்றினாலே விளக்கலாம். அவ்வரலாற்றில் முதலில் வந்தது முன்னிலை, அடுத்துப் படர்க்கை, தன்மையே கடைசியில் வந்தது.

முன்னிலைக்குச் சான்று துரைமாரின் மொழிப் புத்தகங்கள். புதிதாக வந்திறங்கிய வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தொழிலாளரோடு பேசத் தமிழ் கற்க வேண்டியிருந்தது. அவர்கட்காக ஏ.எம். பெர்குசன் என்பார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கையேடு வெளியிட்டார். அதன் பெயர் ‘இங்கே வா’ என்பது. பின்னர் 1915இல் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் என்பாரின் நூல் வந்தது. அதன் பெயரே ‘கூலித் தமிழ்’ என்று பொருள்படும். ஒரு மொழியின் நுழைவாயில் ஏவல் வினைமுற்றாக அமைந்தமை நோக்கற்பாலது. ‘வா’ என்பதற்குள் ‘நீ’ ஒளிந்து நிற்கின்றது, ‘வந்தேன்’ என்பதற்குள் ‘நான்’ ஒளிந்து நிற்பதைப் போல. ஏவலுக்கு விடையாகத் தொழிலாளி செய்ய வேண்டியது வேலை, பேச்சன்று.

படர்க்கை இன்னும் விரிவானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தமிழகத்தினின்று வந்த தொழிலாளர்க்குத் தகர வில்லைகள் வழங்கப்பட்டன. வில்லையில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருந்தன. வழியில் அவரைக் கண்டவர் எவரும் ‘நீ யார்?’ எனக் கேட்க வேண்டியதில்லை; வில்லையைப் பார்த்தாற் போதும். அடுத்தது ‘துண்டு’. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் அவரை விடுவிக்கலாம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுத்த சீட்டு அது. கங்காணிமார் கைமாறிய அச்சீட்டில் தொழிலாளி பேசப்படும் பொருளாகவே இருந்தார். 1921ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டமே அம்முறையை ஒழித்தது.

துண்டு ஒழிந்தது, செக்ரோல் நின்றது. காலையில் பிரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை குறித்துக்கொள்ள, அன்றைய நாளின் வேலை பெயருக்கு நேரே பதியப்படும். இதிலிருந்து தோட்டத் தமிழில் ஒரு வழக்குப் பிறந்தது. ஒரு நாட் சம்பளத்திற்குரிய வேலை ஒரு ‘பேர்’. வேலை குறைந்ததென்று கருதப்பட்டால் விழுவது ‘அரைப் பேர்’. உலகில் வேறெங்கும் மனிதருக்கு முழுப் பெயர் உண்டு, சுருக்கப் பெயர் உண்டு, பட்டப் பெயர் உண்டு. அரைப் பெயர் என்பது தோட்டத்திற்கே உரியது. ஒருவரின் பெயர் அவரைக் குறிக்காது அவர் உழைத்த நாளைக் குறிக்கும் அளவாகத் திரிந்த பின்னர், அவர் தம்மை எந்தச் சொல்லால் குறித்துக்கொள்வது என்பது எளிய வினாவன்று.

தன்மையிடம் அறவே இல்லாமற் போயிற்று என்று கூறுதல் பொருந்தாது. அது வாய்மொழியில் இருந்தது. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்தெடுக்கும்போது பாடிய பாட்டிலும் தன்மை உண்டு. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளை இதனை நன்குணர்ந்தவர். ஆயின் நாட்டுப் பாடலின் தன்மை தனி ஒருவருக்கு உரியதன்று. பாடுபவர் எவரோ அவருக்கு அந்நேரம் உரியது. கங்காணியை ஏசும் பாட்டைப் பாடியவரைக் கங்காணி தண்டிக்க முயன்றால், ‘பாட்டு அப்படி’ என்று தப்பிக்கொள்ளலாம். யாருடையதென்று கூறவியலாமையே அத்தன்மைக்குக் காப்பு.

எழுத்தில் முதன்முதலாகத் தன்மை வந்த இடம் மனு. அதுவும் கடன் வாங்கிய தன்மை. எழுதத் தெரிந்த கணக்கப்பிள்ளையோ, பட்டினத்தில் கச்சேரிக்கருகே அமர்ந்த மனு எழுதுபவரோ எழுதிக் கொடுப்பார். தமிழ் மனுவில் ‘அடியேன்’ வரும். ஆங்கில மனுவில் ‘தங்கள் தாழ்மையுள்ள மனுதாரர்’ என்ற பொருளில் படர்க்கையே வரும். குறை சொல்ல வந்தவர் குறையைச் சொல்லுமுன் தம்மைப் படர்க்கையாக்கிக் கொள்ளவேண்டும் என்பது மரபு. இன்று கட்டுரைகளில் ‘இக்கட்டுரையாசிரியர் கருதுவது யாதெனின்’ என்று எழுதுவோர் அடக்கத்தால் அவ்வாறு எழுதுகின்றனர் எனக் கொள்ளலாம். மனுதாரர் எழுதியது அடக்கத்தாலன்று.

கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்ட நிகழ்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. 1946இல் இத்தோட்டத்தை அரசு கிராம விஸ்தரிப்பிற்காகச் சுவீகரித்தது. அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர், அவர்கள் மறுத்தனர். அவர்கள்மீது குற்ற அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. ஆதரவாக வேறு தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் பரவிற்று. அயற் கிராமத்தவரின் நிலப்பசி உண்மையானது என்பதையும், அதற்குக் காரணர் லயத்தில் வாழ்ந்தவரல்லர் என்பதையும் ஒருசேர மனங்கொள்ளல் வேண்டும். அது நிற்க. அத்துமீறல் என்னும் குற்றத்திற்குச் சட்டம் வேண்டுவது உள்நோக்கம்: பிறரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ கருதி இருந்தார் என்பது. அதாவது, இவர் ஏன் இங்கே இருந்தார் என்ற வினா. தாம் குடியிருந்த அறையில் தாமே இருந்ததற்குக் கருத்து யாதென நீதிமன்றம் கேட்கும் நிலை அது. செக்ரோலில் இலக்கமாக இருந்தவரிடம் முதன்முறையாகத் தன்மையில் விடை கேட்கப்பட்டது, குற்றவாளிக் கூண்டில்.

மூன்றாண்டு கழித்து அவ்வினா மக்கள் அனைவரிடமும் கேட்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலாரைப் பிரசாவுரிமைக்குப் புறத்தே நிறுத்தியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்துப் பெறலாம் என்றது. 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வசித்தமையை நிறுவல் வேண்டும். 1951 ஆகஸ்டில் கால எல்லை முடிவுற்றபோது ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் சார்பில் சேர்ந்திருந்தன. இறுதியில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

தோட்டப்புறத் தமிழர் எழுதிய, அல்லது அவருக்காக எழுதப்பட்ட, மிகப் பெரிய தன்மையிட எழுத்துத் தொகுதி இவ்விண்ணப்பங்களேயாம். இன்ன ஊரிற் பிறந்தேன், இன்ன தோட்டத்தில் வேலை செய்தேன், இன்னாரை மணந்தேன் என்று ஒருவர் தம் வாழ்க்கையை முறைப்படி கூறவேண்டியிருந்தது. ஆனால் கூறுவது மட்டும் போதவில்லை. பிறப்புச் சான்று, தோட்டத்துப் பதிவு, செக்ரோல் என்பன சான்றாக வேண்டும். தொழிலாளி ‘இருந்தேன்’ என்றால் ஏற்கப்படாது. தோட்டம் ‘இருந்தார்’ என்றால் ஏற்கப்படும். சிறு தோட்டங்கள் கைமாறிய இடங்களிலும், ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் சென்றவர் வாழ்விலும் அப்பதிவுகள் தொடர்ச்சியாகக் கிடைப்பது எத்துணை அரிது என்பது எளிதில் உணரப்படும். இத்தன்மை படர்க்கையின் கையெழுத்து இல்லாமற் செல்லுபடியாகாத தன்மை. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்களாகவே பகிர்ந்தது: இந்தியாவிற்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பின்னர் தீர்க்க 1,50,000. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை நாடற்ற நிலை முற்றாகத் தீரவில்லை.

இக்காலத்தே எழுத வந்தவர் ‘நான்’ என்று தொடங்கவில்லை என்பது வியப்பன்று. கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ முதலிய இதழ்களின் வாயிலாகத் தொழிலாளர் சார்பிற் பேசினார். மீனாட்சி அம்மாள் இசைப் பாடல்கள் இயற்றித் தோட்டங்களிற் பாடினார். சி.வி. வேலுப்பிள்ளையின் கவிதைகளில் தன் சொந்த வாழ்வு பின்னொதுங்க, தேயிலைத் தூரின் கீழ்ப் புதையுண்டோர் முன்னிற்கின்றனர். அவர்களுடைய இடம் பெரும்பாலும் பன்மை. அங்கேதான் ‘நான்’ என்பதைவிடச் சிக்கலான ஒரு சொல்லாராய்ச்சி தொடங்குகின்றது.

தொல்காப்பியம் யான், யாம், நாம் என்பவற்றை அறியும். ‘நான்’ நன்னூலிலே இடம் பெறுகின்றது. பழந்தமிழில் கேட்போரை உளப்படுத்தியது நாம், உளப்படுத்தாதது யாம். வினை விகுதியிலும் இவ்வேறுபாடு இருந்ததென உரையாசிரியர் காட்டுவர். அம், ஆம் என்பன முன்னின்றாரை உளப்படுக்கும். எம், ஏம் என்பன அவ்வாறல்ல. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டிலே முதலாம் இராசராசன் தன் கொடையைக் கூறும்போது தன்னைப் பன்மையாலே சுட்டுகின்றான். அது வேந்தன் பன்மை, வேறு வகை. இன்றைய தமிழில் யாம் வழக்கொழிந்து நாங்கள் அதனிடத்தைப் பெற்றது. ஆனால் வினையில் ‘ஓம்’ என்ற ஒரே விகுதி இரண்டிற்கும் பொதுவாகிவிட்டது. ‘வந்தேன்’ என்பது ‘நான்’ஐத் தன்னுள் முழுவதும் அடக்குகின்றது. ‘வந்தோம்’ என்பதோ வந்தவருள் கேட்பவரும் அடங்குவரா என்பதைச் சொல்வதில்லை. எனவே ‘நான்’ஐ நீக்கினால் பொருள் குறைவதில்லை, ‘நாங்கள்’ஐ நீக்கினால் குறையும். மலையகப் பேச்சில் ‘நாம’, ‘நாங்க’ என்னும் வேறுபாடு உயிரோடிருப்பது. யாழ்ப்பாணப் பேச்சில் ‘நாங்கள்’ இரண்டிற்கும் வழங்கும். ஒரே பல்கலைக்கழக வகுப்பில் இவ்விரு வழக்கினரும் அருகருகே அமர்ந்து எழுதுகின்றனர்.

இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. ‘நாம் 1948இல் நாடற்றவர்களானோம்’ என்று ஒரு கட்டுரை தொடங்குமாயின், அந்த ‘நாம்’ யார்? யாழ்ப்பாணத்து வாசகர் அதனுள் அடங்கார். அவருடைய பாட்டனார் பிரசாவுரிமை இழக்கவில்லை. மலைநாட்டவர் வாக்குரிமை பற்றிய பிரச்சினையிலேயே தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டு, எஸ்.ஜே.வி. செல்வநாயகம் முதலியோர் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர் என்பதும் வரலாறு. ‘தமிழராகிய நாம்’ என்னும் இனிய தொடர் இப்பிளவின்மீது பாய் விரித்து மூடிவிடுகின்றது. ‘நாங்கள்’ என்று எழுதினால் மட்டுமே வாசகர் தாம் வெளியே நிற்பதை உணர்வார். அவ்வுணர்வு சிறிது கசப்பானதுதான்.

இனி மாணவர் எழுத்தில் ‘நான்’ மிகுவதற்குரிய காரணங்களை நோக்கலாம். ஆங்கிலம் ஒன்று, அம்மொழியில் எழுவாயின்றி வாக்கியம் அமைவது அரிது. சப்ரகமுவத்தில் இன்னொன்றும் உண்டு எனக் கருத இடமுளது. பேச்சுச் சிங்களத்தில் வினை இடம் காட்டுவதில்லை. ‘மம கியா’ என்றால் நான் போனேன், ‘எயா கியா’ என்றால் அவர் போனார், வினை ஒன்றே. வீட்டிலே தமிழும் வீதியிலே சிங்களமுமாக வளரும் பிள்ளையின் காதில் ‘போனேன்’ என்பதன் விகுதி போதிய கனமுடையதாக ஒலிக்காதிருத்தல் கூடும். பாடசாலையும் பங்களித்தது. ‘ஒரு பழைய குடையின் சுயசரிதை’ என்னும் கட்டுரைப் பயிற்சியை அறியாதவர் இலர். லயத்துப் பிள்ளை முதன்முதல் ‘நான்’ என்று பக்கம் நிறைய எழுதியது குடையின் சார்பில்!

ஆனால் ‘நான்’ வேண்டாம் என்று கற்பித்தவுடன் மாணவர் ஓடி ஒளியும் இடம் செயப்பாட்டுவினை. ‘எனக் கூறப்படுகின்றது’, ‘எனக் கருதப்படுகின்றது’. இது முன்னையதினும் கேடுடையது. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் வன்செயல்கள் நிகழ்ந்தன. மலையகத் தோட்டங்களினின்று பல குடும்பங்கள் வவுனியாவிற்கும் கிளிநொச்சிக்கும் அப்பாலும் சென்றன. இதனை ‘லயங்கள் எரிக்கப்பட்டன, மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர்’ என்று எழுதினால் எரித்தவரும் மறைகின்றனர், கண்டவரும் மறைகின்றனர். கண்டவர் இருக்கின்றாரெனின் ‘கண்டேன்’ என்பது வாக்கியத்தில் நின்றேயாக வேண்டும். அங்கே தன்மை தற்பெருமையன்று, சான்று.

இவ்வாறு அமைந்த ஒரு பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்: ‘நான் சிறு வயதில் லயத்தில் இருந்தபோது நான் எனது பாட்டியிடம் பல கதைகள் கேட்டேன். எனது பாட்டி எனக்குக் கூறியவற்றை நான் இங்கு எழுத விரும்புகிறேன். நான் நினைக்கிறேன், அக்காலத்தில் நாம் மிகவும் துன்பப்பட்டோம்.’ மூன்று வாக்கியத்தில் ‘நான்’ நான்கு. ‘எனது’, ‘எனக்கு’ என்பன மூன்று. இவற்றுள் ஒன்றும் பாட்டியைப் பற்றி எதனையும் தெரிவிப்பதில்லை. ‘எழுத விரும்புகிறேன்’ என்பது வேண்டாதது. எழுதிக்கொண்டிருப்பதே விருப்பத்திற்குச் சான்று. ‘நான் நினைக்கிறேன்’ என்பது நினைப்பாயின் அதற்குரிய காரணத்தையும் கூறல் வேண்டும். பாட்டி சொன்னதாயின் சொன்னவர் பாட்டி.

‘பாட்டி இறப்பர்த் தோட்டத்திற் பால் வெட்டியவர். லயத்து வாசலில் அமர்ந்து அவர் சொன்னவற்றைச் சிறுவயதிற் கேட்டேன்’ என்று தொடங்கினால் ‘நான்’ ஒன்றுமில்லை. ஆயினும் கேட்டவர் அங்கேயே இருக்கின்றார். காலியான இடத்தில் பாட்டியின் பெயர் வந்து அமரலாம். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, எத்தனை மரம், அரைப் பேர் விழுந்த நாளில் என்ன நடந்தது என்பன வரலாம். பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தாரா, எவர் எழுதிக் கொடுத்தார், விடை வந்ததா என்பனவும் வரலாம். கடைசி வாக்கியத்திலுள்ள ‘நாம்’ மட்டும் அடிக்கப்படாது திருத்தப்படல் வேண்டும். பாட்டி சொல்லியிருப்பது ‘நாங்க’ என்பதாகவே இருக்கும். பேரப்பிள்ளை அதனுள் அடங்குவாரா என்பதை, அவர் எந்த ஆண்டிற் பிறந்தார் என்பதைக் கொண்டே தீர்மானித்தல் கூடும்.